இரண்டரை வருடம் சோக் இழுத்தபடி

பதினெட்டு வருடமாக ஓட்டுகிற என் பெட்ரோல் கார் ஒரு சின்னப் பெண்ணிடம் தோற்றுப்போகும் என்று நான் நினைக்கவில்லை.

போன மார்கழி, காலை ஏழரை மணி. தவளக்குப்பம் பக்கம் ஒரு புகைப் பரிசோதனை மையம். வழக்கமாக நான் போகிற இடம் அதுவல்ல. வழக்கமான இடம் ஒரு பெட்ரோல் பங்க் ஓரம் நிற்கிற வேன். அன்றைக்கு வேனைக் காணோம். சர்டிபிகேட் தேதி மறுநாளோடு முடிகிறது. சரி, எங்கே எடுத்தால் என்ன, எல்லாம் ஒரே காகிதம்தானே என்று இங்கே வந்தேன்.

இங்கே இருந்த பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது இருக்கலாம். சைலன்சர் குழாய்க்குள் கம்பியை முழங்கை நீளத்துக்கு உள்ளே விட்டாள், கிளிப்பை மாட்டினாள், "ஏசியை ஆஃப் பண்ணிடுங்க சார், ஆக்ஸிலரேட்டர்ல கால் வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்து நின்றாள். எனக்கு இதுவே புதிது. வேன்காரர் கம்பியைக் குழாய்க்குள் விட்டு நான் பார்த்ததே இல்லை. வண்டியின் நம்பர் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுப்பார், நான் டீ குடித்து முடிப்பதற்குள் காகிதம் வந்துவிடும்.

"சார், சிஓ 1.95 வருது. 0.5-க்குள்ள இருக்கணும்."

மறுபடி அளந்தாள். 1.97. மூன்றாவது முறை கேட்க எனக்கே கூச்சமாக இருந்தது. அளவுகள் அச்சிட்ட சீட்டை மட்டும் கொடுத்தாள், பணம் வாங்கவில்லை. பின்னால் ஸ்கூட்டரில் காத்திருந்தவர், "நல்லா நாப்பது கிலோமீட்டர் விரட்டி ஓட்டிட்டு வந்து சூட்டோட காட்டுங்க சார், பாஸ் ஆயிடும்" என்றார். அவர் சொன்னதில் எவ்வளவு சரி, எவ்வளவு தப்பு என்று எனக்கு இரண்டு வாரம் கழித்துத்தான் புரிந்தது.

விதி இப்படி. பெட்ரோல் கார் ஐட்லிங்கில், அதாவது ஆக்ஸிலரேட்டர் மிதிக்காமல் நின்றபடி ஓடும்போது, விடுகிற புகையில் சிஓ எனப்படும் கார்பன் மோனாக்சைடு எத்தனை சதவீதம், எரியாத பெட்ரோலான ஹைட்ரோகார்பன் எத்தனை பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) என்று பார்க்கிறார்கள். பிஎஸ் என்றால் பாரத் ஸ்டேஜ், வண்டிப் புகைக்கான அரசு விதியின் படிநிலை. பிஎஸ் 2, பிஎஸ் 3 வண்டிகளுக்கு 0.5 சதவீதம், 750 பிபிஎம். பிஎஸ் 4 வந்தபின் 0.3 சதவீதம், 200 பிபிஎம் என்று இறுக்கிவிட்டார்கள். என்னுடையது 2007-இல் புதுச்சேரியில் பதிவான வண்டி, பிஎஸ் 2. ஆறு மாதத்துக்கு ஒரு முறை சர்டிபிகேட் எடுக்க வேண்டும். இல்லாமல் மாட்டினால் 2019-இல் திருத்திய சட்டப்படி 10,000 ரூபாய் வரை அபராதம். டீசல் வண்டிக்குக் கதையே வேறு, அங்கே புகை எவ்வளவு கறுப்பு என்றுதான் பார்ப்பார்கள்.

வீட்டுக்கு வந்து, ஆர்சி புக்கோடு கிளிப் போட்டு வைத்திருந்த பழைய சர்டிபிகேட்டுகளை எடுத்து மேசைமேல் வரிசையாக வைத்தேன். கடைசி ஐந்து. சிஓ 0.21, 0.21, 0.22, 0.21, 0.21. பதினெட்டு வயது வண்டிக்கு வெயில், மழை, புயல் எதுவுமே உறைக்கவில்லை போலிருக்கிறது. ஒரு மனிதனுக்கு இரண்டரை வருடம் ஒரே சர்க்கரை அளவு வந்தால் நாம் டாக்டரைச் சந்தேகப்படுவோமா மாட்டோமா? நான் சந்தேகப்படவில்லை. எனக்கு அது வசதியாக இருந்தது. வேன்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

முதலில் போனது கொஞ்சம் பளபளப்பான ஒரு ஒர்க்‌ஷாப். பெயர் வேண்டாம். அங்கிருந்த தம்பி சீட்டைப் பார்த்தான், நேராக லாம்டா என்ற இடத்துக்குப் போனான். 1.10 என்று இருந்தது. லாம்டா 1 என்றால் காற்றும் பெட்ரோலும் சரியான கணக்கில் எரிகின்றன என்று அர்த்தம். 1-க்கு மேலே போனால் காற்று அதிகம், கீழே போனால் பெட்ரோல் அதிகம். "லீனா ஓடுது சார், ஆக்ஸிஜன் சென்சார் போயிருக்கும்" என்றான். லீன் என்றால் பெட்ரோல் குறைவு. புகையில் எவ்வளவு ஆக்ஸிஜன் மிச்சம் என்று பார்த்துச் சொல்வது அந்த சென்சார். 3,800 ரூபாய்க்கு சென்சார் மாற்றினார்கள். பழையதை நியூஸ்பேப்பரில் சுற்றிக் கையில் கொடுத்தார்கள். அளந்து பார்த்தால் சிஓ 1.93. "அப்போ கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்தான் சார், வயசாயிடுச்சுல்ல, 22,000 ஆகும்" என்றான், புகையைச் சுத்தம் பண்ணுகிற பெட்டியைத்தான் சொன்னான். வண்டியை விற்றாலே அதைவிடக் கொஞ்சம்தான் கூட வரும்.

சீட்டில் இருந்த சிஓ, லாம்டா இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா என்று அந்தத் தம்பி யோசிக்கவில்லை. நானும்தான். லாம்டா 1.10 என்றால் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. பெட்ரோல் குறைவாக எரிகிற எஞ்சின் எப்படி இரண்டு சதவீதம் கார்பன் மோனாக்சைடு விடும்? ஒரே சீட்டில் ஒன்றையொன்று மறுக்கிற இரண்டு எண்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன.

மாமனாரிடம் போனில் புலம்பினேன். அவர் கடலூர்க்காரர். "மாப்ள, அங்க இங்க காசைக் கொட்டாதீங்க. ஓ.டி-ல பாய்கிட்ட ஒரு தடவை காட்டுங்க" என்றார். ஓ.டி. என்றால் கடலூர் பழைய நகரம், துறைமுகம் பக்கம். அந்த ஊரில் பாய் என்று சொன்னால் எந்த பாய் என்று கேட்க வேண்டும். இவர் கார்புரேட்டர் காலத்திலிருந்து பெட்ரோல் வண்டி மட்டும் பார்க்கிறவர்.

அரியாங்குப்பத்திலிருந்து ஓ.டி.க்கு இருபது கிலோமீட்டர் சொச்சம். ஆல்பேட்டை செக்போஸ்டில் வண்டியை ஓரங்கட்டச் சொன்னார்கள். புதுச்சேரி நம்பர் பிளேட்டோடு கடலூருக்குள் நுழைகிற எந்த வண்டியின் டிக்கியும் அங்கே திறக்காமல் போகாது, பாட்டில் தேடுவார்கள். நியூஸ்பேப்பரில் சுற்றிய பொட்டலத்தைப் பார்த்ததும் போலீஸ்காரர் முகம் மாறியது. பிரித்தார். ஒரு கை அளவு கம்பி, நுனியில் துளைகள், பின்னால் வால் மாதிரி ஒயர். "என்னா சார் இது?" "ஆக்ஸிஜன் சென்சார் சார்." அவர் என்னை ஒரு முறை, அதை ஒரு முறை பார்த்தார். "ஆஸ்பத்திரிக்கா?" என்று கேட்டுவிட்டு அனுப்பிவிட்டார்.

பாய் வண்டியைப் பார்க்கவில்லை. சீட்டைக் கேட்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தூரத்தில் நீட்டிப் பிடித்துப் படித்தார். சிஓ 1.95. ஹைட்ரோகார்பன் 255. கார்பன் டை ஆக்சைடு 11.1. ஆக்ஸிஜன் 3.5.

"இதுல ரெண்டு வியாதி இருக்குது சார். ஒண்ணு இன்னொண்ண மறைக்குது."

அவர் சொன்னதை என் மொழியில் சொல்கிறேன். சிஓ என்பது பாதி எரிந்த பெட்ரோல். காற்று போதாத அடுப்பில் கரி பிடிப்பது போல. அது ஏறினால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது என்று பொருள், வேறு காரணம் அரிது. ஹைட்ரோகார்பன் என்பது எரியவே எரியாத பெட்ரோல். சிஓ குறைவாக இருந்து ஹைட்ரோகார்பன் மட்டும் எகிறினால் ஏதோ ஒரு சிலிண்டரில் தீப்பொறி தவறுகிறது. ப்ளக், ப்ளக் ஒயர், காயில் பக்கம் போக வேண்டும். கார்பன் டை ஆக்சைடு ஒன்றுதான் நல்லபடி எரிந்ததற்குச் சாட்சி. ஆரோக்கியமான பெட்ரோல் எஞ்சினில் 14, 15-ஐ ஒட்டி நிற்கும். ஆக்ஸிஜன், எரிந்தது போக மிச்சம். கன்வெர்ட்டர் உள்ள வண்டியில் அது அரை சதவீதத்துக்குள் அடங்கிவிட வேண்டும்.

இப்போது என் சீட்டைப் பாருங்கள். பெட்ரோல் அதிகம் என்று சிஓ சொல்கிறது. பெட்ரோல் அதிகமானால் காற்றில் உள்ள ஆக்ஸிஜன் முழுக்கச் செலவாகியிருக்க வேண்டும். ஆனால் 3.5 சதவீதம் மிச்சம் நிற்கிறது. எஞ்சினுக்குள் செலவாகாத ஆக்ஸிஜன் இல்லை இது. எஞ்சினைத் தாண்டி வந்து கலந்த ஆக்ஸிஜன். வெளிக்காற்றில் ஆக்ஸிஜன் 20.9 சதவீதம். சைலன்சர் குழாயில் எங்கேயோ ஓட்டை இருந்து, ஆறில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக வெளிக்காற்று கலந்தாலே 3.5 வந்துவிடும். அதே கலப்படத்தில்தான் கார்பன் டை ஆக்சைடும் 11-க்கு இறங்கியிருக்கிறது. லாம்டா என்பது மெஷின் தனியாக அளக்கிற ஒன்றல்ல, இந்த நாலு எண்ணையும் போட்டுக் கணக்கிட்டு எடுக்கிற விடை. அதனால் ஓட்டைக் காற்றையும் எஞ்சின் காற்று என்று நம்பி 1.10 காட்டிவிட்டது. அந்த விடையைப் பார்த்துத்தான் 3,800 ரூபாய் செலவழித்தேன்.

"மோர்ல தண்ணி கலந்துட்டுப் புளிப்பு இவ்ளோதான்னு சொன்ன மாதிரி. தண்ணி இல்லாம பார்த்தா இதவிட மோசமா இருக்கும்" என்றார் பாய்.

ஓட்டையைத் தேடினோம். பழைய லுங்கித் துண்டைச் சுருட்டித் தண்ணீரில் நனைத்து, எஞ்சின் ஓடும்போதே சைலன்சர் வாயில் அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். கொஞ்சம்தான் அடைக்க வேண்டும், முழுக்க அடைத்தால் எஞ்சின் நின்றுவிடும். வண்டிக்கு அடியில் படுத்திருந்த பையன் சோப்புத் தண்ணீரை இணைப்பு இணைப்பாகத் தெளித்துக்கொண்டே வந்தான். கன்வெர்ட்டர் தாண்டி, பெரிய சைலன்சருக்கு முன்னால் ஒரு சின்னப் பெட்டி உண்டு. அதன் மேல்பக்கத் தையலில் நுரை பொங்கியது. கீழே படுத்துப் பார்த்தால் கண்ணுக்கே தெரியாத இடம். பையன் ஸ்க்ரூடிரைவரால் லேசாகக் குத்தினான். துரு அப்பளம் மாதிரி பொருக்குப் பொருக்காக உதிர்ந்து, பட்டாணி அளவு இருந்த ஓட்டை ஐந்து ரூபாய் நாணயம் அளவு ஆனது. ஐட்லிங்கில் புகை ஒரே சீராகப் போவதில்லை, விட்டு விட்டுத் துடிக்கும். ஒவ்வொரு துடிப்புக்கும் இடையில் அந்த ஓட்டை காற்றை உள்ளே இழுத்திருக்கிறது.

நான் உடனே ஃபெஞ்சல் புயலைச் சொன்னேன். 2024 நவம்பர் கடைசியில் அந்தப் புயல் கரை கடந்தபோது எங்கள் தெருவில் வண்டி ஒன்றரை நாள் தண்ணீரில் நின்றது. உப்புக்காற்று வேறு. பாய் உதிர்ந்த பொருக்கை எடுத்துக் காட்டினார். வெளிப்பக்கம் பெயின்ட் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. துரு உள்ளிருந்து வந்திருக்கிறது. "புயலு வெளியேருந்து நனைச்சிச்சு. இது உள்ளேருந்து நனைஞ்சது. இத அப்புறம் பேசலாம்" என்றார்.

பக்கத்தில் வெல்டிங் கடையில் தகடு வைத்து அடைத்தோம், 350 ரூபாய். மதியம் மஞ்சக்குப்பம் பக்கம் இருந்த ஒரு மையத்தில் அளவு மட்டும் பார்த்துச் சொல்லச் சொன்னோம். ஆக்ஸிஜன் 0.4. சிஓ 2.3. ஹைட்ரோகார்பன் 300. கார்பன் டை ஆக்சைடு 13. லாம்டா 0.94. எண்கள் எல்லாம் இப்போது ஒரே பேச்சைப் பேசின. பெட்ரோல் அதிகம், அவ்வளவுதான். தோல்வி இன்னும் கொஞ்சம் பெரிய தோல்வி ஆகியிருந்தது, ஆனால் எனக்கு ஏனோ நிம்மதியாக இருந்தது.

பெட்ரோல் ஏன் அதிகம்? ஏர் ஃபில்டர் சுத்தம். ப்ளக்கைக் கழற்றினார், நாலும் கண் மை தடவினது மாதிரி ஒரே கறுப்பு. ஒன்று மட்டும் கறுப்பாக இருந்தால் அந்த சிலிண்டருக்குப் பெட்ரோல் தெளிக்கிற இஞ்செக்டர் ஒழுகுகிறது என்று சந்தேகப்படலாம். நாலும் ஒரே மாதிரி என்றால் மேலிடத்து உத்தரவு, அதாவது எஞ்சினை நடத்துகிற கம்ப்யூட்டரான ஈசிஎம்மே அதிகமாக ஊற்றச் சொல்கிறது. புது ஆக்ஸிஜன் சென்சாரின் ஒயரில் மல்டிமீட்டரை வைத்தார். 0.85 வோல்ட், அசையவில்லை. வேலை செய்கிற வண்டியில் அந்த எண் 0.1-க்கும் 0.9-க்கும் நடுவே ஊஞ்சல் ஆட வேண்டும். பெட்ரோல் கூடுகிறது என்று சென்சார் சொல்லும், ஈசிஎம் குறைக்கும், குறைகிறது என்று சொல்லும், கூட்டும். இங்கே சென்சார் "அதிகம், அதிகம்" என்று கத்திக்கொண்டே இருக்கிறது. கேட்பதற்கு ஆள் இல்லை.

எண்ணெய்க் கம்பியை உருவி மோந்து பார்த்தார். என்னிடம் நீட்டினார். எஞ்சின் ஆயிலில் பெட்ரோல் வாடை.

அப்புறம் அவர் செய்த காரியத்தைத்தான் நான் மறக்க மாட்டேன். மஞ்சக்குப்பம் போய் வந்து, கால் மணி நேரம் ஓடிக்கொண்டிருந்த எஞ்சினில், ரேடியேட்டருக்குப் போகிற மேல் ஹோஸை வெறுங்கையால் பிடித்தார். பிடித்தபடியே என்னைப் பார்த்தார். என்னையும் பிடிக்கச் சொன்னார். நான் தயங்கினேன், சுடும் என்று. குளிக்கிற வெந்நீர் அளவுகூட இல்லை, ஆறிப்போன டீ மாதிரி இருந்தது. முன்னால் ரேடியேட்டர் ஃபேன் நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்தது.

"உங்க வண்டிக்கு ஜன்னி சார். உடம்பு சூடே ஏறல."

ஹோஸ் போய்ச் சேரும் இடத்தில் இரண்டு போல்ட்டைக் கழற்றினார். உள்ளே ஒரு தெர்மோஸ்டாட் வால்வு இருக்க வேண்டும், எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுப்பது அது. வெறும் பொந்துதான் இருந்தது. "இங்க இருந்தது எங்க சார்?"

எனக்குத் தெரியும் எங்கே என்று. 2023 மே, கத்திரி வெயில். சென்னையிலிருந்து குடும்பத்தோடு வரும்போது திண்டிவனத்துக்கு முன்னால் வண்டி கொதித்துவிட்டது. சாலையோர மெக்கானிக் ஒருவர் வந்து பார்த்தார். "தெர்மோஸ்டாட்டைக் கழட்டி எறிஞ்சிடலாம் சார், அதெல்லாம் குளிர் நாட்டுக்காரன் வண்டிக்கு. நம்ம ஊரு வெயிலுக்கு அது எதுக்கு? ஃபேனையும் டைரக்ட் பண்ணிடறேன், சாவியைப் போட்டாலே சுத்தும், ஜென்மத்துக்கும் சூடாவாது." முன்னூறு கேட்டார், நான் நானூறு கொடுத்தேன். அவ்வளவு நன்றி. அன்றிலிருந்து டாஷ்போர்டில் வெப்பமானி முள் கீழ்க்கோட்டை விட்டு எழுந்ததே இல்லை. நண்பர்களிடம் அதைக் காட்டிப் பெருமை பேசியிருக்கிறேன். "பாருங்க, புதுச்சேரியிலேர்ந்து திருச்சி போனாலும் முள் இங்கதான் நிக்கும்."

தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் இந்த வைத்தியம் செய்யப்படாத பழைய வண்டியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. அதில் ஒரு நியாயமும் இருந்த காலம் உண்டு. கார்புரேட்டர் வண்டிக்கு எஞ்சின் சூடு தெரியாது. காலையில் சோக்கை இழுத்தால் பெட்ரோல் அதிகம் போகும், இரண்டு தெரு தாண்டியதும் நாமே உள்ளே தள்ளிவிடுவோம். இஞ்செக்ஷன் வண்டியில் சோக் கிடையாது. எஞ்சினைக் குளிர்விக்கிற தண்ணீரின், அதாவது கூலன்ட்டின், சூட்டைச் சொல்லும் கூலன்ட் சென்சாரைப் பார்த்து ஈசிஎம்மே பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும். எஞ்சின் போதிய சூடு ஏறும்வரை அது ஆக்ஸிஜன் சென்சாரின் பேச்சைக் கேட்பதில்லை. தன் கணக்குப்படி கொஞ்சம் தாராளமாகவே ஊற்றும். சூடு ஏறினபின்தான் சென்சார் சொல்கிறபடி நடக்கும். என் வண்டியில் அந்த இரண்டாவது கட்டம் வரவே இல்லை. தண்ணீர் எந்நேரமும் ரேடியேட்டருக்கு ஓடுகிறது, ஃபேன் எந்நேரமும் சுற்றுகிறது, எஞ்சினுக்கு எந்நேரமும் விடியற்காலை.

"சோக்கை இழுத்துட்டே ரெண்டரை வருஷம் ஓட்டிக்கினு இருந்திருக்கீங்க" என்றார் பாய்.

மற்ற முடிச்சுகள் தானாக அவிழ்ந்தன. கன்வெர்ட்டர் கெடவில்லை. கார்பன் மோனாக்சைடை எரித்து கார்பன் டை ஆக்சைடு ஆக்க அதற்குக் கொஞ்சம் ஆக்ஸிஜன் வேண்டும். பெட்ரோல் நிறைந்த புகையில் அது கிடைக்காது. லாம்டா 1-ஐ ஒட்டி நின்றால்தான் அது முழு வேலை செய்யும். இன்னும் ஒரு வருடம் இப்படியே ஓட்டியிருந்தால் கரி அடைத்துக் கெட்டே போயிருக்கும், அப்போது 22,000 நிஜமாகியிருக்கும். எஞ்சின் விளக்கு ஏன் எரியவில்லை? எந்த சென்சாரும் கெடவில்லையே. "எஞ்சின் குளிர்ந்திருக்கிறது" என்று கூலன்ட் சென்சார் சொன்னது சத்தியம். இவ்வளவு நேரம் ஓடியும் ஏன் சூடாகவில்லை என்று தானே கேட்டுக்கொள்கிற புத்தி, ஓபிடி 2 என்ற, வண்டி தன்னைத்தானே சோதித்துக்கொள்கிற முறை வந்த பின்னால் செய்த வண்டிகளுக்குத்தான் உண்டு. இந்தியாவில் அது கட்டாயமானது 2013-இல்.

சைலன்சர் ஓட்டையும் இதே குடும்பம்தான். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகும். சூடான குழாயில் அது ஆவியாக வெளியே போய்விடும். வீட்டிலிருந்து மார்க்கெட், மார்க்கெட்டிலிருந்து வீடு என்று குளிர்ந்த எஞ்சினோடு ஓடும் வண்டியில் அந்தப் பெட்டியில் தேங்கி உள்ளிருந்தே அரிக்கும். பாய் "அப்புறம் பேசலாம்" என்றது இதைத்தான்.

மைலேஜ் பற்றி ஒரு வாக்குமூலம். லிட்டருக்குப் பதினைந்து கொடுத்துக்கொண்டிருந்த வண்டி பதினொன்றுக்கு இறங்கியிருந்தது. நான் பெட்ரோலில் கலக்கிற எத்தனாலைத் திட்டிக்கொண்டிருந்தேன், டீக்கடையில் எல்லோரும் திட்டுகிறார்கள் என்பதால். எத்தனாலில் ஆற்றல் குறைவுதான். இருபது சதவீதம் கலந்தால் லிட்டருக்கு ஆறேழு சதவீதம் ஆற்றல் குறையும், பழைய வண்டியின் ரப்பர் ஹோஸ்களுக்கும் அது நல்லதல்ல. ஆனால் பதினைந்து பதினொன்றாவது ஆறேழு சதவீதம் இல்லை, கால் பங்கு. இன்னொன்று, எத்தனாலுக்குள்ளேயே ஆக்ஸிஜன் உண்டு. சென்சார் பேச்சைக் கேட்காமல் ஓடும் எஞ்சினில் அது சிஓ-வைக் குறைக்கும், கூட்டாது. ஒருவகையில் என் 2.3-ஐ 2.3-ஆக வைத்திருந்ததே அந்த எத்தனாலாக இருக்கலாம்.

பாய் புது தெர்மோஸ்டாட் வரவழைத்தார், 480 ரூபாய். உடனே மாட்டவில்லை. "புதுசுன்னா நல்லதுன்னு அர்த்தமில்ல" என்று எதிர் டீக்கடையில் ஒரு பழைய அலுமினியச் சட்டி வாங்கி, தண்ணீர் ஊற்றி, தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டித் தொங்கவிட்டு அடுப்பில் ஏற்றினார். டீ மாஸ்டர் முகத்தைச் சுளித்துக்கொண்டே இடம் விட்டார். விளிம்பில் 82 என்று பொறித்திருந்தது, அது திறக்க வேண்டிய சூடு. சட்டியின் அடியில் சின்னச் சின்னக் குமிழ்கள் கிளம்பும்வரை ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் பித்தளைத் தட்டு ஒரு நூல் அளவு விலகியது. தண்ணீர் கொதி வந்ததும் கரையில் போட்ட மீன் மாதிரி மெல்ல வாயைத் திறந்தது. உள்ளே மெழுகு. சூட்டில் விரிந்து தள்ளுகிறது, ஆறினால் சுருங்குகிறது. மின்சாரம் இல்லை, ஒயர் இல்லை. வெளியே எடுத்துப் பிடித்தார், மூடிக்கொண்டது. குளிர் நாட்டுக்காரனுக்கானது என்று நான் நானூறு ரூபாய் கொடுத்து எறியச் சொன்ன சாமான் இது.

ஃபேன் ஒயரிங்கைப் பழையபடி மாற்றினார். கூலன்ட் ஊற்றிக் காற்றை வெளியேற்றினார். எஞ்சின் ஆயிலும் மாற்றச் சொன்னார், பெட்ரோல் கலந்த ஆயில் சிலிண்டர் சுவருக்கு எமன் என்று. எனக்கு உள்ளுக்குள் ஒரு பயம். "பாய், மறுபடி கொதிச்சுட்டா?"

"அன்னிக்கு ஏன் கொதிச்சிச்சுன்னு யாராச்சும் பார்த்தாங்களா?"

இல்லை. கழற்றினோம், கிளம்பினோம். அவர் ரேடியேட்டர் மூடியைத் திருகி எடுத்து அடியில் இருந்த ரப்பர் வளையத்தை நகத்தால் கீறினார். கல் மாதிரி இறுகி, ஒரு இடத்தில் வெடித்திருந்தது. அந்த மூடி தண்ணீரை அழுத்தத்தில் பிடித்து வைத்தால்தான் நூறு டிகிரி தாண்டினாலும் கொதிக்காது. மூடி விட்டால் ஆவி கசியும், தண்ணீர் குறையும், அப்புறம் கொதிக்கத்தான் செய்யும். புது மூடி 160 ரூபாய். திண்டிவனத்தில் மாற்றியிருக்க வேண்டியது இது ஒன்றைத்தான்.

கிளம்பும்போது டிக்கியில் இருந்த பழைய சென்சாரைக் காட்டினேன். குறடால் பிடித்து, நுனியை கேஸ் டார்ச் நெருப்பில் காட்டி, ஒயரில் மல்டிமீட்டரை வைத்தார். சூடு ஏற ஏற எண் 0.2, 0.5, 0.8 என்று ஏறியது. நெருப்பை விலக்கினதும் சட்டென்று விழுந்தது. மறுபடி காட்டினார், மறுபடி ஏறியது. ஒன்றும் சொல்லாமல் நியூஸ்பேப்பரில் சுற்றித் திருப்பிக் கொடுத்தார். நானும் ஒன்றும் சொல்லவில்லை.

திரும்பும் வழியில் சாலையைப் பார்த்ததைவிட முள்ளைத்தான் அதிகம் பார்த்தேன். பெண்ணையாற்றுப் பாலம் ஏறும்போது அசைந்தது. ரெட்டிச்சாவடி தாண்டும்போது பாதிக்குக் கொஞ்சம் கீழே வந்து நின்றது. எனக்குப் பகீர் என்றது, இரண்டரை வருடமாக அந்த இடத்தில் அதைப் பார்த்ததே இல்லை. கன்னியக்கோயிலில் நிறுத்தி, இறங்கி, ஹோஸைத் தொட்டேன். கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டேன். நன்றாகச் சுட்டது. முள் அதற்குமேல் ஏறவில்லை.

இரண்டு நாள் கழித்துத் தவளக்குப்பம். அதே பெண், அதே கம்பி, அதே முழங்கை நீளம். ஸ்கூட்டர்க்காரர் சொன்ன நாற்பது கிலோமீட்டர் ஓட்டவில்லை, வீட்டிலிருந்து வந்த தூரம்தான். போன முறை நாற்பது கிலோமீட்டர் விரட்டியிருந்தாலும் காற்று பட்டு இன்னும் குளிர்ந்திருக்கும்.

சிஓ 0.12. ஹைட்ரோகார்பன் 86. கார்பன் டை ஆக்சைடு 14.8. ஆக்ஸிஜன் 0.3.

அவளுக்கு என்னை ஞாபகம் இருந்தது. "என்ன சார் மாத்துனீங்க?"

"மாத்தல மா. கழட்டி எறிஞ்சதத் திரும்ப வாங்கிப் போட்டேன்."

அவளுக்குப் புரியவில்லை. விளக்கலாம் என்று வாயைத் திறந்தேன். பின்னால் ஒரு டெம்போக்காரர் ஹாரன் அடித்தார்.

"காசு குடுங்க சார், அடுத்த வண்டி நிக்குது" என்றாள்.